துறையில் பட்டப்பின் மாணவர் பிரதிநிதி: புதிதாகப் பொறுப்பெடுப்பவர்களுக்கு

முதுமாணி வகுப்பு தொடங்கிய சில வாரங்களில் "உங்களுக்குள் ஒரு பிரதிநிதியைத் தெரிவு செய்யுங்கள்" என்று துறையில் சொல்வார்கள். வகுப்பில் பாதிப்பேர் ஆசிரியர்கள், மீதிப்பேர் கச்சேரியிலோ (மாவட்டச் செயலகம்) வங்கியிலோ வேலை செய்பவர்கள். யாருக்கும் நேரமில்லை. கடைசியில் நகருக்குள் இருப்பவரைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். திருகோணமலை நகரில் உவர்மலையில் இருக்கும் எனக்கும் பொறுப்பு அப்படித்தான் வந்தது. ஏற்றுக்கொண்டதில் எனக்கு இன்றைக்கும் மகிழ்ச்சிதான். இந்த வருடம் பொறுப்பெடுக்கும் தம்பி தங்கைகள் கேட்டதால் எழுதுகிறேன்.

எந்த விடயத்தை எந்த இடத்தில் தீர்மானிக்கிறார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நம் பல்கலைக்கழகங்கள் 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி நடக்கின்றன. கல்வி சார்ந்த விடயங்கள் துறையிலிருந்து பீடச்சபைக்கும், அங்கிருந்து பல்கலைக்கழகத்தின் உயர் கல்விச் சபையான மூதவைக்கும் (Senate) போகும். பீடச்சபையில் அந்தப் பீட மாணவர்கள் தெரிவு செய்யும் 2 பேருக்குச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. துறை மட்டப் பிரதிநிதி பெரும்பாலும் வழக்கத்தில் வந்த ஏற்பாடுதான். ஆகவே உங்கள் பலம் பதவியில் இல்லை, நீங்கள் கொண்டுபோகும் விடயம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதில் இருக்கிறது. வகுப்பு நேரம், ஒப்படைத் திகதி, ஆய்வுக்கூடச் சாவி போன்றவற்றைத் துறைத்தலைவரிடமே பேசி முடிக்கலாம். பரீட்சை விதியையோ கட்டணத்தையோ மாற்றச் சொல்லி அவரிடம் மன்றாடினால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. மேலே அனுப்பக் கடிதம் கொடுங்கள்.

எங்கள் வகுப்பில் ஓர் ஆசிரியை இருந்தார். ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தை மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் பதிலுக்குக் காத்திருந்தார். "என் பெயரை மட்டும் சொல்லிப்போடாதீங்க" என்றார். அந்தப் பயம் நியாயமானது. மேற்பார்வையாளரோடு கடைசிவரை வேலை செய்யப் போகிறவர் அவர்தானே. மற்றவர்களிடம் தனித்தனியாகக் கேட்டேன். வகுப்புக் குழுவில் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், தொலைபேசியில் பேசினால்தான் சொல்வார்கள். இன்னும் சிலருக்கும் அதே நிலைமை. அப்புறம் எந்த மாணவர், எந்த விரிவுரையாளர் என்ற பேச்சே இல்லாமல் ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். அத்தியாயத்தைத் திருப்பித் தர ஒரு கால எல்லை வேண்டும், கொடுத்த திகதியும் திரும்பி வந்த திகதியும் பதிய ஒரு படிவம் வேண்டும் என்று இரண்டே கோரிக்கைகள். கால எல்லைக்குத் துறை சம்மதிக்கவில்லை, படிவத்துக்குச் சம்மதித்தது. அது போதுமா என்று சிலர் சலித்துக்கொண்டார்கள். பிறகு அந்த ஆசிரியை கால நீடிப்புக்கு விண்ணப்பித்தபோது, தாமதம் யாரால் என்று அவர் வாயால் சொல்லத் தேவையே வரவில்லை. எல்லாத் திகதியும் படிவத்தில் இருந்தன.

பெயர் சொல்ல வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், ஊகிக்கக்கூடிய அடையாளத்தைக்கூடச் சொல்லாதீர்கள். வகுப்பில் மூதூரிலிருந்து வருபவர் ஒருவர்தான் என்றால் "மூதூர் மாணவி" என்பதே பெயர் சொன்ன மாதிரித்தான். ஒருவருடைய புள்ளி, மீள்திருத்தம் போன்ற தனிப்பட்ட விடயங்களைக் கூட்டத்துக்குக் கொண்டு போகவே வேண்டாம். விண்ணப்பம் எழுத உதவி செய்யுங்கள், கையெழுத்து அவருடையதாக இருக்கட்டும்.

ஒப்படைகள் குவியும்போது "பாரம் அதிகம் சேர்" என்று மட்டும் சொன்னால் எடுபடாது. எந்தப் பட்டத்துக்கு எவ்வளவு படிப்பு வேண்டும் என்று சொல்லும் இலங்கைத் தகைமைகள் சட்டகத்தை (SLQF) எடுத்துப் பாருங்கள். பாடநெறிகளால் மட்டும் பெறும் முதுமாணிக்கு 30 கிரெடிட், ஆய்வும் சேர்ந்ததற்கு 60. வகுப்பில் படிக்கும் பாடத்தில் ஒரு கிரெடிட் என்பது 50 மணி நேரக் கற்றல். அப்படியென்றால் 3 கிரெடிட் பாடத்துக்கு விரிவுரை, வாசிப்பு, ஒப்படை, பரீட்சைக்குப் படிப்பது எல்லாம் சேர்த்து 150 மணி. ஒரு பாடத்தில் கேட்கும் வேலையை அந்தக் கணக்கோடு வைத்து எழுதிக் கொடுங்கள். விரிவுரையாளர்கள் கணக்கை மதிப்பார்கள். சில நேரம் கணக்குப் போட்டுப் பார்த்தால் பாரம் சரியாகவே இருக்கும், திகதிகள்தான் ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருக்கும். அப்போது திகதியை மட்டும் மாற்றக் கேளுங்கள்.

கூட்ட நேரத்தில் கவனம் தேவை. வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆத் தொழுகை நேரம். பின்னேரம் என்றால் புல்மோட்டை, கந்தளாய்ப் பக்கம் போகிறவர்கள் பஸ்ஸை நினைத்துக்கொண்டே இருப்பார்கள். தூரத்திலிருந்து வருபவர்களும் சிறு பிள்ளைகள் உள்ள பெண்களும்தான் குழுவில் அதிகம் பேசாதவர்கள். அவர்களை முதலில் கேளுங்கள். கூட்டம் ஆங்கிலத்தில் நடந்தால், சொல்ல வேண்டியதை முன்கூட்டியே எழுதி, நிகழ்ச்சி நிரலில் சேர்க்கக் கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்னது கூட்டறிக்கையில் வராமலே போகலாம். சிங்கள நண்பர்களும் வகுப்பில் இருந்தால் கோரிக்கையை அவர்களோடு சேர்ந்து எழுதுங்கள். அந்தக் கடிதத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

முடிவு என்ன ஆனாலும் அன்றிரவே குழுவில் போடுங்கள். "இன்னும் பதில் இல்லை" என்பதும் ஒரு செய்திதான். தர மீளாய்வுக்கு வெளியிலிருந்து குழு வந்தால் மாணவர்களையும் சந்திப்பார்கள். அங்கே உங்களுக்கு வேண்டியவர்களை மட்டும் கூட்டிப் போகாதீர்கள்.

உங்கள் சொந்த ஆய்வுக்கு ஒதுக்கிய நேரத்தை இதற்குக் கொடுக்காதீர்கள். நான் இரவு 9 மணிக்குப் பிறகு அழைப்பு எடுப்பதில்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவைத்தேன், எல்லாரும் புரிந்துகொண்டார்கள். கடிதப் பிரதிகள், கூட்டறிக்கைகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் திகதி வாரியாக வையுங்கள். அடுத்த பிரதிநிதியிடம் கோப்பைக் கொடுக்கும்போது, முடியாமல் கிடக்கும் கோரிக்கைகளை முதல் பக்கத்தில் எழுதி, அவரைத் துறைத்தலைவரிடம் ஒருமுறை நேரில் கூட்டிப் போய் அறிமுகப்படுத்துங்கள். எங்கள் கோப்பின் முதல் பக்கத்தில் அத்தியாயத்துக்கான கால எல்லைக் கோரிக்கை இன்னும் இருக்கிறது. இந்த வருடம் அதை மறுபடியும் கேளுங்கள்.