தேர்தல் பணியாளரின் தபால் ஓட்டு: எங்கே கோட்டை விடுகிறோம்?

முதல் பயிற்சி வகுப்பிலேயே தபால் ஓட்டுக்கு விண்ணப்பிக்கும் படிவம் 12 வந்துவிடும். அங்கேயே நிரப்பி, பணி ஆணை நகலோடு கொடுத்துவிடுவது நல்லது. வீட்டுக்குக் கொண்டுபோனால் பைக்குள்ளேயே கிடக்கும். வாக்காளர் பட்டியலில் உள்ள பாகம் எண், வரிசை எண் இரண்டையும் பழைய பூத் சிலிப்பைப் பார்த்து எழுதாதீர்கள். பட்டியல் திருத்தத்தில் மாறியிருக்கும். தேர்தல் ஆணையத் தளத்தில் அட்டை எண்ணைப் போட்டால் இப்போதைய எண் கிடைக்கும்.

சொந்தத் தொகுதிக்குள்ளேயே பணி என்றால் படிவம் 12ஏ கொடுத்துத் தேர்தல் பணிச் சான்று வாங்கலாம். பணி பார்க்கும் பூத்திலேயே மெஷினில் போட்டுவிடலாம். கிடைத்தால் விடாதீர்கள். மற்றவர்களுக்குத் தபால் ஓட்டுதான். அது வழங்கப்பட்டதும் பட்டியலில் பெயருக்கு எதிரே 'பிபி' (போஸ்டல் பேலட்) என்று குறித்துவிடுவார்கள். பிறகு பணி ரத்தானாலும் சொந்த பூத்தில் போட முடியாது.

முன்பெல்லாம் தபால் ஓட்டுச்சீட்டை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். 2023-ல் விதி மாறி, பணியாளர்கள் ஓட்டுப் போட அமைக்கும் வசதி மையத்திலேயே போட்டாக வேண்டும் என்றாகிவிட்டது. "கொடுங்க சார், நாங்க பாத்துக்கறோம்" என்று வருகிறவர்களிடமிருந்து தப்பித்தோம்.

மையத்தில் கைக்கு வருபவை: ஓட்டுச்சீட்டு, 13ஏ உறுதிமொழி, 13பி சின்ன கவர், 13சி பெரிய கவர். சீட்டின் வரிசை எண் 13ஏ-விலும் 13பி கவர் மேலும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 13ஏ-வில் கையெழுத்துப் போட்டு, அங்கே இருக்கும் கெசட்டட் அலுவலரிடம் சான்றொப்பம் வாங்குங்கள். சின்ன கவருக்குள் சீட்டு மட்டும்தான் போக வேண்டும். அதை ஒட்டி, 13ஏ-வோடு சேர்த்துப் பெரிய கவரில் வைத்து ஒட்டி, பெட்டியில் போடுங்கள். அதிகம் நடக்கும் தப்பு, 13ஏ-வையும் சின்ன கவருக்குள் திணித்துவிடுவது. எண்ணும்போது பெரிய கவரைப் பிரித்ததும் 13ஏ-வைத்தான் தேடுவார்கள். இல்லாவிட்டால் சின்ன கவரைப் பிரிக்கவே மாட்டார்கள். சீட்டில் பழக்கதோஷத்தில் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது.

மையத்து வரிசையில் இன்னொன்றும் காதில் விழும். "கிராமத்துல காசுக்கும் குவார்ட்டருக்கும் போடறாங்க, படிச்சவன் ஓட்டுதான் சார் ஓட்டு." பக்கத்தில் நிற்பவரின் ஊரைக் கேட்டுச் சாதியைக் கணிப்பார்கள், சாதியை வைத்துக் கட்சியை. பழைய ஓய்வூதியத்தைச் சொல்லி, தபால் ஓட்டு மொத்தமும் நம்ம பக்கம்தான் என்று அடித்துப் பேசுவார்கள். ஆனால் கைநாட்டு வைத்துவிட்டு உள்ளே போகும் பாட்டி பட்டனை அழுத்தினால் ஓட்டு விழுந்துவிடும். மெஷினில் செல்லாத ஓட்டுப் போட வழியே கிடையாது. செல்லாதவை நம் கவர்களிலிருந்துதான் வருகின்றன.

2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. சான்றொப்பமிட்ட தலைமையாசிரியர்கள் கெசட்டட் அலுவலர்கள் அல்ல என்று அங்கே தள்ளப்பட்ட தபால் ஓட்டுகள் 203. தோற்ற திமுக வேட்பாளர் அப்பாவு வழக்குப் போட்டு, 2019-ல் உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை போட்டது.

எண்ணிக்கை நாளில் காலை 8 மணிக்கு முதலில் எடுப்பது இந்தக் கவர்களைத்தான். டிவியில் அப்போது ஓடும் 'முன்னிலை'யை நம்பிப் பட்டாசு வாங்கிவிடாதீர்கள். டிக் போட்ட சீட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதும் வேண்டாம். ரகசியத்தை மீறியதாகத் துறை நடவடிக்கை வரும்.