அரை இஞ்ச் பைப்பும் அரைகுறை மயிலும்

எங்கள் வீட்டில் கால் இல்லாத மயில் ஒன்று இருக்கிறது. தும்பிக்கை பாதியில் நிற்கிற பிள்ளையார் ஒருவர் இருக்கிறார். 'யாழி' வரைக்கும் வந்து 'னி' வராமல் நிற்கிற ஒரு குழந்தையின் பெயர் இருக்கிறது. இவை போக டீப்பாய் மேல் போடுகிற நீள விரிப்பு ஒன்று. அதில் ஒரு ஓரம் மட்டும் பூத்துக் குலுங்கும், மீதி மூன்று ஓரமும் வெறும் துணி. எல்லாம் என் கைவேலைதான். கிராஸ் ஸ்டிட்ச். கட்டம் கட்டமாக நெய்த மேட்டி துணியில், ஜெராக்ஸ் எடுத்த சார்ட்டைப் பார்த்து எண்ணி எண்ணி, குட்டிக் குட்டிப் பெருக்கல் குறியாகப் போட்டுக்கொண்டே போனால் கடைசியில் படம் வரும். கடைசி என்று ஒன்று வந்தால்.

"ஒண்ணை முடிச்சிட்டு அடுத்ததை எடுக்கக் கூடாதாம்மா?" என்று அத்தை கேட்பார். சாயங்காலம் டி.வி. முன்னால் உட்கார்ந்துகொண்டுதான் கேட்பார். ஆறரைக்கு ஒரு சீரியல், ஏழுக்கு ஒன்று, ஏழரைக்கு ஒன்று என்று ராத்திரி பத்து வரை பார்க்கிறவர் அவர். இதில் எதை முடித்துவிட்டு எதற்குப் போனீர்கள் அத்தை என்று கேட்க எனக்கும் வாய் இருக்கிறது. கேட்பதில்லை. காலையில் சட்னி அவர்தான் அரைக்கிறார்.

மாற்றி மாற்றிப் போடுவதற்கு நிஜமாகவே காரணம் உண்டு. மயில் 200 கட்டம் அகலம், 250 கட்டம் உயரம். மொத்தம் 50,000 பெருக்கல் குறி. கழுத்து முழுக்க நீலம், அந்த நீலத்திலேயே ஏழு வகை, டியூப்லைட் வெளிச்சத்தில் அவற்றில் மூன்று அசல் ஒன்றுபோலவே இருக்கும். சார்ட்டுகள் பெரும்பாலும் டி.எம்.சி. என்கிற பிரெஞ்சு நூலின் எண்ணில்தான் வருகின்றன. அதில் 500 நிறம். நம் கடைத்தெருவில் சுலபமாகக் கிடைப்பது ஆங்கர் நூல், அதற்கு வேறு எண். அங்கே கறுப்பு 310, இங்கே 403. கறுப்புக்கு வம்பில்லை, எங்கே வாங்கினாலும் கறுப்பு. நீலத்துக்கு மாற்று எண் பார்த்து வாங்கினால் கையில் வருவது கிட்டத்தட்ட நீலம். நாள்கணக்கில் இந்தக் கிட்டத்தட்ட நீலங்களோடு குடித்தனம் நடத்திய பிறகு கண் தானாகச் சிவப்பு கேட்கும். பிள்ளையாரின் வேட்டிக்கரை சிவப்பு. அவரிடம் சரணடைவதைத் தவிர வேறு வழியில்லை.

இதெல்லாம் வெளியே சொல்கிற காரணம். உள்விவகாரம் வேறு. எது நகர வேண்டும், எது நிற்க வேண்டும் என்பதை எங்கள் வீட்டில் முடிவு செய்வது என் மனமும் இல்லை, கண்ணும் இல்லை. துணியைப் பிடித்துக்கொள்கிற சட்டம். எந்தச் சட்டம் காலியாக இருக்கிறதோ, அதில் எந்தத் துணி அடங்குமோ, அன்றைக்கு அதுதான் வேலை.

யாழினியை எடுத்துக்கொள்ளுங்கள். நாத்தனார் மகள். அவள் பிறந்தபோது தொட்டிலுக்கு மேலே மாட்டலாம் என்று ஆரம்பித்தது. இணையத்தில் கிடைக்கிற எழுத்துச் சார்ட்டெல்லாம் இங்கிலீஷ். 'எல்' என்றால் இரண்டு கோடு, வேலை முடிந்தது. தமிழ் எழுத்துக்கு நானே கிராஃப் நோட்டில் வரைய வேண்டியிருந்தது. சதுரக் கட்டத்துக்குள் 'ழ'வின் வாலை வளைத்துப் பாருங்கள், தெரியும். 'னி'யில் சுழி மட்டுமே இரண்டு. பெண்ணுக்குப் பெயர் வைக்கிறவர்கள் தையல்காரியை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கிறார்களா? 'மாலா' என்று வைத்திருந்தால் மொட்டை அடிப்பதற்குள் முடித்திருப்பேன். அந்தக் குழந்தை இப்போது எல்.கே.ஜி. போகிறது. "அண்ணி, அவளே பேர் எழுதக் கத்துக்கிட்டா" என்று நாத்தனார் போனில் சொல்கிறபோது அதில் பெருமை எவ்வளவு, குத்தல் எவ்வளவு என்று இதுவரை எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

எனக்கு ஆறுதல் லண்டனில் இருக்கிறது. விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஜேன் பாஸ்டாக் என்ற பெண் தைத்த ஒரு துணியை வைத்திருக்கிறார்கள். தேதி போட்டுத் தைத்த ஆங்கிலேய மாதிரித் தையல் துணிகளில் இன்று மிஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது அதுதான். ஆலிஸ் லீ என்ற குழந்தை 1596 நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை பிற்பகலில் பிறந்தது என்று அதில் எழுத்தெழுத்தாகத் தைத்திருக்கிறார். துணியில் போட்டிருக்கிற வருஷம் 1598. குழந்தை பிறந்து இரண்டு வருஷம் கழித்து! அந்த ஜேனிடம் துணி மாட்டுகிற வளையம் எத்தனை இருந்ததோ, அதில் என்னென்ன மாட்டிக் கிடந்ததோ. நானூறு வருஷத்துக்கு மேல் ஆன அந்தத் துணியைக் கும்பிடாத குறையாகப் பார்க்கிறார்கள். தாமதமாக வந்தது என்று ஒருவரும் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை.

யாழினிக்கு மரவளையம் போதும். மதுரை விளக்குத்தூண் பக்கம் தையல் சாமான் கடையில் எம்பிராய்டரி ரிங் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். மரத்தில் வாங்கினால் உள்வளையத்தில் பருத்தி நாடாவை இறுக்கச் சுற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் துணி வழுக்கிக்கொண்டே இருக்கும். வலது கைப் பழக்கம் உள்ளவர்கள் திருகைக் கடிகாரத்தில் பத்து, பதினொன்று இருக்கிற பக்கம் வைத்துக்கொள்வது நல்லது. நேர் மேலே வைத்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் நூல் அதில் போய் மாட்டும். எழுந்து போகும்போது வளையத்தைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் விட்டால் வட்டமாக அழுக்கும் மடிப்பும் விழுந்து, நிலாவே இல்லாத படத்தில் நிலா வந்துவிடும்.

மயிலுக்கு இது சரிப்படாது. அவ்வளவு பெரிய துணியில் வளையத்தை நகர்த்தி நகர்த்தி மாட்டினால், ஏற்கெனவே போட்ட கழுத்து இரண்டு மரத்துக்கும் நடுவில் நசுங்கும். அதற்காகத்தான் சுருட்டுச் சட்டம் வாங்கினேன். இரண்டு உருட்டுக் கட்டை, இரண்டு பக்கச் சட்டம், நான்கு மரை. துணியின் மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் உருட்டுக் கட்டையில் இருக்கிற நாடாவோடு தைக்க வேண்டும், சுருட்ட வேண்டும், மரையை முறுக்க வேண்டும், அப்புறம் இரண்டு பக்கத்தையும் நூல் கோத்து இழுத்துக் கட்ட வேண்டும். கட்டி முடித்துத் தட்டினால் டம்மென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு தடவை தட்டுவேன். தைக்க அதைவிட வசதியான சட்டம் கிடையாது என்று இப்போதும் சொல்வேன்.

ஆனால் இத்தனை பாடுபட்டுக் கட்டியதை யார் அவிழ்ப்பது? மயில் ஏறி உட்கார்ந்ததுதான், இறங்கவில்லை. எங்கள் மூன்று பேர் சோபாவில் இரண்டு பேர் இடம் அதற்கு. விருந்தாளி வந்தால் முதலில் மயிலை எழுப்ப வேண்டும், அப்புறம் ஊசி ஏதாவது சோபாவில் இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் "வாங்க, உக்காருங்க". கிராஸ் ஸ்டிட்ச் ஊசி முனை மழுங்கின மொட்டை ஊசி, குத்தாது என்று வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். உட்கார்ந்து பார்த்தவர் அவர் என்பதால் நான் சொல்வது எடுபடவில்லை.

பிள்ளையாரின் கதை வேறு. அவர் எதிர் வீட்டு அக்காவின் தயவில் வளர்கிறார். அக்கா கல்யாண பிளவுஸுக்கு ஆரி வேலை செய்கிறவர். காலோடு கூடிய பெரிய ஆரி சட்டம் வைத்திருக்கிறார். இரண்டு கையும் சும்மா இருக்கும். ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்று ஊசியை மாற்றி மாற்றி வாங்கினால் வேலை பறக்கும். ஆனால் முகூர்த்தக் காலத்தில் அந்தச் சட்டத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. ஆடி மாதம் கல்யாணம் கிடையாது என்று போய் நின்றால், ஆடி பாதிக்கு மேல் ஆவணி ஆர்டர் வந்துவிடுகிறது. மார்கழியும் அப்படியே, பின்பாதி தை மாதத்துக்குப் போய்விடும். ஆக என் பிள்ளையார் ஆடி முன்பாதியிலும் மார்கழி முன்பாதியிலும் மட்டும் வளர்கிற பிள்ளையார். நல்ல காரியம் எதையும் தொடங்காத மாதங்களாகப் பார்த்து விக்னேஸ்வரனுக்குத் தும்பிக்கை முளைக்கிறது.

வெளிநாட்டில் இதற்கெல்லாம் கியூ-ஸ்னாப் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். நான்கு குழாயைச் சதுரமாகச் சேர்த்து, மேலே துணியை விரித்து, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கவ்வியை டப்பென்று அமுக்கினால் துணி விறைத்து நிற்கும். கவ்வியை வெளிப்பக்கமாகக் கொஞ்சம் திருகினால் இன்னும் இறுகும். கழற்றவும் ஒரு நிமிஷம்தான். அனுப்பும் செலவையும் சேர்த்துப் பார்த்தால் வருஷத்துக்குத் தேவையான நூலை வாங்கிவிடலாம். பெருமூச்சோடு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாமா பின்னால் நின்று கண்ணாடியைச் சரிசெய்தார்.

"இது பி.வி.சி. பைப்தானேம்மா?"

மாமா ஓய்வு பெற்ற ஓவர்சீயர். பைப் என்ற சொல்லைக் கேட்டே வருஷக்கணக்காகிவிட்டதுபோல ஒரு வெளிச்சம் முகத்தில். டேப்பை எடுத்தார், போனில் இருந்த படத்தையே அளந்தார். அது சரிவராது என்று தெரிந்ததும் மயிலை அளந்தார். சட்டத்துக்கு அரை இஞ்ச் பைப், மூலைக்கு எல்போ, கவ்விக்கு முக்கால் இஞ்ச் பைப்பை நீளவாக்கில் பிளந்து ஒரு கீற்றை எடுத்துவிட்டால் போதும் என்று பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்து காட்டினார். வரைபடத்தின் கீழே தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார்.

ஹார்டுவேர் கடைக்கு இருவருமே போனோம். அரை இஞ்ச் பைப் ஒரு லென்த், முக்கால் இஞ்ச் துண்டு, எல்போ பதினாறு.

"எத்தனை பாத்ரூம் சார்?"

"பாத்ரூம் இல்லப்பா. மயிலுக்கு."

கடைக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். "எந்தக் கோயிலுக்கு சார்? திருப்பரங்குன்றமா?"

மாமா வாயே திறக்கவில்லை. நான் திறக்கப் போனேன், காலை மிதித்தார். "பிள்ளையாருக்கும் ஒண்ணு பண்றோம்" என்று மட்டும் சொன்னார். அதுவும் பொய்யில்லையே. கோயில் காரியம் என்று எல்போவுக்கு விலை குறைத்துக் கொடுத்தார்கள். வரும் வழியில் மாமா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் நடை மட்டும் குறைந்தது பத்து வயது குறைந்தவரின் நடை.

ஆக்ஸா பிளேடு வைத்து அறுத்தார். உப்புத்தாள் போட்டு விளிம்பெல்லாம் தேய்த்தார், துணி இழுபடக் கூடாதாம். ரசமட்டம் வைத்துப் பார்த்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. நான் உள்ளே காபி கலந்துகொண்டிருந்த நேரத்தில் சொலூஷன் டப்பாவைத் திறக்கிற வாடை வந்தது. ஓடினேன்.

"மாமா, ஒட்டாதீங்க! கழட்டி மாட்டணும்!"

"ஒட்டாம எப்படிம்மா? லீக் ஆகுமே."

"என்ன மாமா லீக் ஆகும்?"

பிரஷ் அந்தரத்தில் நின்றது. முதல் மூலை அதற்குள் ஒட்டியாகிவிட்டது. அது இன்றைக்கும் பிரியாது, அந்தச் சட்டத்தை மட்டும் முழுசாக மடிக்க முடியாமல் பீரோவுக்குப் பின்னால் சாய்த்துவைக்கிறோம். மற்றதெல்லாம் வெறுமனே சொருகினதே கெட்டியாக நிற்கிறது.

அதற்குப் பிறகு உற்பத்தியை நிறுத்த முடியவில்லை. மயிலுக்குப் பெரியது, பிள்ளையாருக்கு நடுத்தரம், யாழினிக்குச் சின்னது, விரிப்புக்கு நீளவாக்கில் ஒன்று என்று நாலு சட்டம். ஒவ்வொன்றிலும் மார்க்கரில் பெயர். அத்தை தன் பங்குக்குப் பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்து எலாஸ்டிக் வைத்து ஓரங்களுக்கு உறை தைத்தார், கை அழுக்கு துணியில் படாது. என்னைக் கேட்டால் சட்டத்தைவிட அந்த உறைதான் அழகு.

சட்டத் தட்டுப்பாடு தீர்ந்ததும் புதுச் சிக்கல். நாலும் தயாராகச் சுவரோரம் நிற்கின்றன, எதை எடுப்பது? அதையும் அத்தை தினசரிக் காலண்டரைப் பார்த்துத் தீர்த்துவைத்தார். சதுர்த்தி என்றால் பிள்ளையார். கிருத்திகை, சஷ்டி என்றால் மயில். மற்ற நாளில் யாழினி. விரிப்புக்குத் தெய்வ சம்பந்தம் எதுவும் இல்லாததால் அதற்கு நாள் ஒதுக்கவில்லை. மாற்றி மாற்றிப் போடாதே என்று சொன்னவரே இப்போது விளம்பர இடைவேளையில் எட்டிப் பார்த்து, "இன்னைக்குச் சஷ்டி, பிள்ளையாரை ஏன் எடுத்தே?" என்கிறார்.

இந்தத் திட்டத்தில் 'னி'யின் முதல் சுழி வந்துவிட்டது. இரண்டாவது சுழியின்போது மொட்டை மாடியில் தொட்டிக்குப் போகிற பைப் மூலையில் விரிசல் விட்டது. பிளம்பர் வந்தார், பையைக் குடைந்தார், அரை இஞ்ச் எல்போ ஒன்று குறைகிறது, கடைக்குப் போய் வருகிறேன் என்றார். மாமா அவரைக் கையமர்த்தி நிறுத்திவிட்டுக் கீழே குரல் கொடுத்தார்.

"அம்மா, பிள்ளையார்ல இருந்து ஒரு எல்போ கழட்டிக் குடு."

"சதுர்த்தியும் அதுவுமா பிள்ளையார் மேல கை வைக்கிறதா?" என்று அத்தை ஹாலில் இருந்து. மயிலுக்கு எல்போ ஒட்டின கேஸ். விரிப்பைக் கொடுக்கலாம் என்று நான் தேடுவதற்குள், சின்னதாக இருந்ததால் கைக்கு வாகாக வந்த யாழினியின் ஒரு மூலையை அத்தையே பிடுங்கி மேலே கொடுத்தனுப்பிவிட்டார். பிளம்பர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே பச்சை நூல் ஒன்று சிக்கியிருந்ததாம்.

"சார், இது எந்த லைன்ல இருந்தது?"