பெறாமகளின் நேர்முகப் பரீட்சை

நேற்றிரவு லண்டனிலிருந்து அக்காவின் மகள் வாட்ஸ்அப்பில் எடுத்தாள். மிருக வைத்தியப் படிப்புக்கான நேர்முகப் பரீட்சை முடிந்துவிட்டதாம். "சித்தி, ஒரு கேள்விக்கு உளறிவிட்டேன். இனிக் கிடைக்காது" என்று ஒரே அழுகை.

எங்களுக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. இலங்கையில் மிருக வைத்திய பீடம் பேராதனையில் மட்டும்தான். உயர்தரப் பரீட்சையில் எடுத்த இசட் புள்ளிதான் தீர்ப்பு. நான் வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றேன். சரி, அத்தோடு கதை முடிந்தது.

அங்கே பல்கலைக்கழக விண்ணப்பத்தின் ஐந்து தெரிவுகளில் நான்கைத்தான் மிருக வைத்தியத்துக்குப் போடலாம். பல இடங்களில் நேர்முகமும் சின்னச் சின்னச் சுற்றுகளாக, ஒவ்வொன்றிலும் வேறு ஆள், வேறு புள்ளி. ஒன்றில் சறுக்கினால் மற்றவை அப்படியே இருக்கும் என்று சொன்னதும் மூக்கை உறிஞ்சுவது கொஞ்சம் நின்றது. இடம் கிடைத்தாலும் ஏ லெவல் பெறுபேறு வரும்வரை நிபந்தனையோடுதான் என்பதை நான் வாய் திறக்கவில்லை.

உளறிய கேள்வி என்னவென்று கேட்டேன். சுகப்படுத்த முடியாத மாட்டை என்ன செய்வாய் என்பதாம். போன ஓகஸ்டில் கோண்டாவிலில் எங்கள் கொட்டிலில் விழுந்து கிடந்த சிவப்பியைப் பற்றிச் சொல்லத் தொடங்கிக் குரல் உடைந்துவிட்டதாம். இரண்டு இரவு அதன் தலைமாட்டில் குந்தியிருந்தவள் வேறு எதைச் சொல்வாள்?