சுவர் எழுத்து ஓவியரைப் படமெடுக்கும்போது

சுவரில் எழுதுபவரை ஆவணப்படம் எடுக்கையில் ‘ஒன் மோர்’ கேட்கக் கூடாது. மூன்று சுழி ‘ண’வில் பட்டை பிரஷ் இறங்கிவிட்டால் அந்த இழுப்பு ஒரே தடவைதான். திரும்ப எழுதச் சொன்னால் எழுத்து வரும். கை மட்டும் கேமராவுக்காக அசையும். பார்ப்பவர்களுக்கு அது தெரிந்துவிடும்.

மதுரையில் முதலில் வெயிலைப் பாருங்கள். கிழக்கு மாசி வீதி, மேற்கு மாசி வீதி இரண்டும் தெற்கு வடக்காக ஓடுபவை. அங்கே மேற்குப் பக்கச் சுவருக்குக் காலை வெயில், கிழக்குப் பக்கத்துக்கு மாலை வெயில். ஏப்ரல் நடுவில், சித்திரை பிறக்கும் சமயம், நண்பகலில் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலேயே நிற்கும். வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு இறங்குவதால் பூச்சின் சின்ன மேடுகூட நிழல் போடும். சுத்தமாக எழுதிய ஓரமும் பிசிறாகத் தெரியும். நல்ல கைக்காரருக்குச் செய்கிற அநியாயம் அது. அந்த நேரத்தில் நிழலில் பெயிண்ட் கலப்பதை எடுக்கலாம்.

விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 விநாடி, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 100 என்றால் நேர் வெயிலில் அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, எஃப் 22 வரை மூடவேண்டி வரும். எஃப் 4-க்கு அகலத் திறக்க, வெளிச்சத்தை 5 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி) குறைக்கும் என்டி 32 என்ற கறுப்பு ஃபில்டர் வேண்டும். எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் வொயிட் பேலன்ஸை 5600 கெல்வினில் பூட்டிவிடுங்கள். ஆட்டோவில் விட்டால், வெள்ளைச் சுவரில் மஞ்சள் நிரம்ப நிரம்ப கேமரா தானாகவே நிறத்தை மாற்றும். எடிட்டிங்கில் ஷாட்டுகள் ஒட்டாது. ஆட்டோ எக்ஸ்போஷரும் அப்படித்தான், வெள்ளையை நம்பி ஓவியரின் முகத்தைக் கறுப்பாக்கிவிடும். சுவருக்கு எக்ஸ்போஷர் வைத்து, ஒரு தெர்மாகோல் அட்டையால் முகத்துக்கும் கைக்கும் வெளிச்சம் திருப்பினால் போதும். சிவப்பு எனாமலில் இன்னும் கவனம் வேண்டும். மொத்த வெளிச்சம் சரியாகத் தெரியும்போதே சிவப்பு சேனல் மட்டும் நிரம்பி வழிந்து, பிரஷ் தடம் அழிந்து தட்டையாகிவிடும். வெளிச்சத்தின் அளவை வரைபடமாகக் காட்டும் ஹிஸ்டோகிராமில் சிவப்பைத் தனியாகப் பாருங்கள்.

வலதுகைக்காரர் என்றால் கேமரா அவருக்கு இடப்பக்கம், தோளுக்குச் சற்றுக் கீழே. வலப்பக்கம் நின்றால் முழங்கைதான் தெரியும். இன்னொரு கேமரா முழுச் சுவரையும் பார்த்தபடி அசையாமல் நிற்கட்டும். அதில் 10 விநாடிக்கு ஒரு படம் வீதம் 4 மணி நேரம் எடுத்தால் 1440 படங்கள். திரையில் ஒரு நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. நீலத்தில் தோய்த்த நூலைச் சுண்டிக் கோடு போடுவது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதை மெதுவாக்கிக் காட்ட 50 ஃபிரேம், ஷட்டர் 1/100.

சத்தம்தான் பெரிய தலைவலி. சுவரில் பிரஷ் உரசும் ஓசையை ஷேர் ஆட்டோக்கள் விழுங்கிவிடும். விடியற்காலையில் அதே சுவரில், அதே பிரஷில், அதே கையால் எழுதவைத்து ஒலியை மட்டும் தனியாகப் பதியலாம். பிம்பத்தை மறுபடி நடத்திக் காட்டுவது பொய். ஒலியை மட்டும் இப்படிப் பதிவதை அப்படி நான் நினைக்கவில்லை.

எழுதி முடித்ததும் ட்ரைபாடை மடக்கிவிடாதீர்கள். மூலையில் தன் பெயரையும் போன் நம்பரையும் சிறிதாக எழுதுவது ஓவியர்களின் வழக்கம். அதைக் காட்டலாமா என்று அவரிடமே கேளுங்கள். சரியென்றால் முழுதாக, வாசிக்கும்படி எடுங்கள். அடுத்த வேலை அவருக்கு அந்த நம்பரில்தான் வரும்.