செல்லியின் தலைப்பிரசவமும் நான் தொலைத்த தேதியும்

செல்லி வயிற்றில் தையலோடு படுத்திருக்கிறாள். நேற்று இரவுதான் கிண்ணத்தில் வாய் வைத்து நெடுநேரம் தண்ணீர் குடித்தாள். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதும் தெம்பு வந்தது.

ஆறு வயது போவா, முட்டையிடாமல் குட்டி போடும் பெரிய பாம்பு. இங்கிலாந்தில் போவா வளர்க்க உரிமம் வேண்டாம், வாங்குவது சுலபம். பாம்பு பார்க்கும் மருத்துவர் கிடைப்பதுதான் பாடு. சினைப்படும் முன்பே அப்படி ஒருவரைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்காலத்தில் ஜோடி சேர்த்தேன். பிப்ரவரி கடைசியில் நடுவயிறு ஒருநாள் புடைத்து அடங்கியது, பிறகு சட்டை உரித்தாள், இரையை ஒதுக்கினாள், விளக்கடியிலேயே கிடந்தாள். அந்தச் சட்டை உரித்த நாளிலிருந்து பிரசவத்துக்கு ஏறத்தாழ 105 நாள் என்பதுதான் கணக்கு, பத்துப் பதினைந்து நாள் முன்பின் ஆகலாம். தேதியைத் துண்டுத்தாளில் எழுதிக் கூண்டுக் கண்ணாடியில் ஒட்டியிருந்தேன். கூண்டைத் துடைத்த ஏதோ ஒருநாள் அது குப்பையோடு போய்விட்டது.

ஜூலை இரண்டாம் வாரம் இரவெல்லாம் அலைந்தாள். வாலைத் தூக்கித் தூக்கி முக்கினாள், ஒன்றும் வரவில்லை. ஒரு கிளினிக்கில் போனில் "போவா" என்று தெளிவாகச் சொல்லித்தான் நேரம் வாங்கினேன். 40 மைல் போய் நின்றால், ஊர்வன பார்ப்பவர் செவ்வாய் மட்டும்தான் வருவாராம். அன்று வியாழன். அங்கிருந்த இன்னொரு மருத்துவர் எட்டிப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார்: "எந்தத் தேதியில் சட்டை உரித்தது?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாள் ஆகியிருக்காது, காத்திருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். தலையணை உறைக்குள் அவள் நெளிவது மடியில் தெரிந்துகொண்டே இருந்தது.

அன்றிரவு செல்போன் படங்களைப் புரட்டியபோது உரித்த சட்டையோடு அவளை எடுத்த படம் அகப்பட்டது. மார்ச் 15. அப்படியானால் 116 நாள்! மறுநாள் வேறொரு கிளினிக்கில் அந்த எண்ணைச் சொன்னதும் உடனே வரச் சொன்னார்கள். ஸ்கேனில் சில இதயங்கள் துடித்தன, சில துடிக்கவில்லை. பிரசவத்தைத் தூண்டும் ஆக்சிடோசின் ஊசி ஆமைகளுக்குக் கேட்கிற அளவு பாம்புகளுக்குக் கேட்காது என்று சொல்லிவிட்டே போட்டார்கள். கால்சியம், நீர்ச்சத்தும் ஏற்றினார்கள்.

விடியற்காலையில் 11 குட்டிகள் உயிரோடு, நான்கு செத்து, ஆறு ஸ்லக், அதாவது கருப்பிடிக்காத மஞ்சள் உருண்டைகள். ஒரு குட்டிக்குப் பனிக்குடச் சவ்வு மூக்கில் காய்ந்து ஒட்டியிருந்தது. ஈரப்பஞ்சால் நனைத்து விலக்கியதும் வாயைத் திறந்து மூச்சிழுத்தது. மஞ்சள்கரு ஒட்டியிருந்த இரண்டை ஈரத்தாளில் விட்டேன். தொப்புளை ஒருபோதும் பிடித்து இழுக்காதீர்கள்.

செல்லி சுருண்டு படுத்தாள். முடிந்தது என்று நம்பினேன். மறுநாள் தடவிப் பார்த்தால் பின்வயிற்றில் இன்னும் மூன்று கட்டிகள். பாம்பு வளர்க்கும் நண்பர் ஒருவர் அமுக்கித் தள்ளிவிடச் சொன்னார். நல்லவேளை, செய்யவில்லை. கருக்குழாய் கிழிந்திருக்கும் என்றார் மருத்துவர்.

அறுவைதான் வழி. பக்கச் செதில்களின் முதல் இரு வரிசைகளுக்கு நடுவே கீறி இரண்டு ஸ்லக்கையும், கோணி இறந்திருந்த ஒரு குட்டியையும் எடுத்தார்கள். ஏன் இப்படி என்று கேட்டேன். உடல் கொழுத்திருக்கிறது, தசையில் வலு இல்லை என்றார். வாரந்தவறாமல் பெரிய எலியாகப் போட்டது நான்தான். அது இன்னும் நெஞ்சில் உறுத்துகிறது. அவள் ஏறி இறங்க ஒரு கிளைகூடக் கூண்டில் வைத்ததில்லை.

தையல் பிரிக்க ஆறு வாரமாவது ஆகும். அதுவரை தொட்டிக் குளியல் கிடையாது, தரையில் மரத்தூள் கிடையாது, வெறும் தாள்தான். இன்று காலை அந்தத் தாளில் சுண்ணாம்புக் கட்டிபோல் வெள்ளையாகச் சிறுநீர் கிடந்தது. ரத்தம் இல்லை, அடைப்பும் இல்லை.