சுவர் காயட்டும், பிறகு பெயிண்ட்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அப்பாவின் ஒற்றை மாடி தெரஸ் வீட்டை (வரிசை வீடு) விற்று முடித்தோம். அவர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுத்து வாங்கிய வீடு. அப்பாவும் அம்மாவும் எங்களோடு கிள்ளானுக்கு வந்த பிறகு பூட்டியே கிடந்தது. வீடு விற்கப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

எல்லாரும் சொன்ன முதல் யோசனை பெயிண்ட். ஆனால் குளியலறையை ஒட்டிய சுவரில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் உதிர்ந்து, உள்ளே உப்புப் போல வெள்ளைத் தூள். அதன் மேலேயே ஒரு கோட்டிங் அடித்துவிடலாம் என்றார் பெயிண்டர். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "மறைச்சு விக்கிறது நமக்கு வேணாம்மா, வாங்குறவனும் கடன் வாங்கித்தான் வாங்குவான்" என்றார். பிளம்பரை வைத்துச் சுவரை உடைத்துப் பார்த்தோம். பழைய இரும்புக் குழாயின் மூட்டில் கசிவு. குழாயை மாற்றி, சுவரை அப்படியே காயவிட்டோம். நம் ஊர் ஈரத்துக்கு அது வாரக்கணக்கில் ஆகும், அவசரப்படவே கூடாது. நன்றாகக் காய்ந்தபின் சுரண்டி, சீலர் எனும் அடிப்பூச்சு அடித்து, அப்புறம்தான் இளவெள்ளைப் பெயிண்ட். சீலிங்கில் இருந்த தேநீர் நிறக் கறைக்குக் காரணம் கூரையில் நகர்ந்திருந்த ஓர் ஓடு. அதைச் சரிசெய்துவிட்டே பலகையை மாற்றினோம்.

சாமி அறை விஷயத்தில் அக்காவுக்கும் எனக்கும் பேச்சு முற்றியது. படங்களை எடுத்தால் வீடே களையிழந்துவிடும் என்றார். வீடு பார்க்க வருபவர்களில் மலாய்க்காரர்களும் சீனர்களும் இருப்பார்கள், அந்த அறையில் தங்கள் பிள்ளையின் படிப்பு மேசையை அவர்கள் மனத்தில் போட்டுப் பார்க்க வேண்டாமா என்றேன் நான். கடைசியில் அம்மாவே விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுப் படங்களைக் கிள்ளானுக்கு எடுத்து வந்தார். சாம்பிராணிப் புகை படிந்த சுவரைச் சோப்புத் தண்ணீரால் கழுவ வேண்டியிருந்தது. முன்வாசல் கறிவேப்பிலையை மட்டும் வெட்டவில்லை. கவாத்து செய்து விட்டோம், அழகாக நின்றது.

கனமான சோபா, ஓடாத ஃபிரிட்ஜ், பழைய காலண்டர்கள் எல்லாம் போயின. கிரில் துருவைத் தேய்த்துக் கறுப்பு அடித்தோம். சாக்கடையைக் கழுவினோம். பூட்டிய வீட்டின் வாடைக்கு வாசனைத் திரவியம் தெளிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, எதையோ மறைப்பது போலத்தான் படும். ஆள் வருவதற்கு முன்பே ஜன்னல்களைத் திறந்து விசிறியைப் போட்டால் போதும்.

ஏஜெண்டிடம் பதிவு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். கமிஷனுக்கு உச்சவரம்பு 3 விழுக்காடு. கிராண்ட் எனும் நில உரிமைப் பத்திரம், நிலவரி, வீட்டுவரி ரசீதுகள், பிளம்பர் பில், உடைத்த சுவரின் படங்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்திருந்தேன். ஈப்போவில் வேலை செய்யும் ஓர் ஆசிரியர் தம்பதி வந்தார்கள். அந்த அம்மா நேராகப் போய்க் குளியலறைச் சுவரில்தான் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஃபைலைக் காட்டினேன். அதற்குப் பிறகு விலையைப் பற்றி மட்டும்தான் பேச்சு.

ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும்போது வழக்கமான 10 விழுக்காடு முன்பணம் வந்தது. வாங்கி 5 ஆண்டு தாண்டிய வீட்டை விற்கும் குடிமக்களுக்கு 2022 முதல் சொத்து ஆதாய வரி 0 விழுக்காடு. ஆனாலும் வருமான வரி வாரியத்துக்குப் படிவம் கொடுத்தே ஆகவேண்டும், அதை எங்கள் வக்கீல் பார்த்துக்கொண்டார். எங்களுடையது 99 ஆண்டு குத்தகை நிலம் என்பதால் பெயர் மாற்ற மாநில அரசின் ஒப்புதலும் தேவைப்பட்டது. நீண்ட காத்திருப்பு அது. அதுவரை மின்சாரத்தையும் தண்ணீரையும் வெட்டாமல் வைத்திருந்தோம். பக்கத்து வீட்டு அக்கா அவ்வப்போது ஜன்னல்களைத் திறந்துவிட்டு, சுவரில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்துச் சொன்னார். சாவி கைமாறிய பிறகுதான் மீட்டர்களின் பெயரை மாற்றிக் கொடுத்தோம்.