தெரிந்த பதிலோடு தொடங்கும் ஆய்வு

வேலையில் இருந்துகொண்டே மேலாண்மையில் பிஎச்.டி செய்பவர்களுக்கு நேரம்தான் எதிரி என்பார்கள். நேரம் ஒரு தொல்லைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பல தீசிஸ்கள் தடம் மாறுவது வேறு இடத்தில். பதினைந்து வருடம் ஒரே தொழிலில் ஊறியவருக்குக் கேள்வியை எழுதும்போதே பதிலும் தெரிந்திருக்கிறது.

திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில், துணி வாங்கும் பையருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே நின்று ஆர்டரை நடத்தும் மெர்ச்சண்டைசிங் மேலாளர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஷிப்மென்ட் தாமதம்தான் அவர் தலைப்பு. சாயப்பட்டறைதான் காரணம் என்பது அவருடைய நெடுநாள் முடிவு. அந்த முடிவோடு கேள்வித்தாள் தயாரித்தால் முப்பது கேள்வியில் இருபது சாயப்பட்டறையைச் சுற்றியே வரும். விடையும் அதையே சொல்லும். அது ஆய்வு ஆகாது, புகார் மனு.

கேள்வி அவருக்கே எதிராகத் திரும்ப இடம் தர வேண்டும். "ஆர்டர் உறுதியான நாளிலிருந்து கன்டெய்னர் ஏறும் நாள்வரை, எந்தக் கட்டத்தில் எத்தனை நாள் திட்டத்தைத் தாண்டுகிறது?" என்று கேட்டால் போதும். ஒவ்வொரு ஆர்டருக்கும் டி அண்ட் ஏ (டைம் அண்ட் ஆக்‌ஷன்) அட்டவணை இருக்கிறது: லேப் டிப் (சாய நிறத்தின் மாதிரித் துண்டு) ஒப்புதல், நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், பேக்கிங் என்று ஒவ்வொன்றுக்கும் திட்டத் தேதி, உண்மைத் தேதி. மூன்று வருட அட்டவணைகளை அடுக்கிப் பார்க்கும்போது, லேப் டிப் ஒப்புதலுக்காக மெர்ச்சண்டைசர் மேசையில் கிடந்த நாட்களே அதிகம் என்று தெரியவரலாம். அந்த முடிவை எழுதத் துணிகிறவருக்கே தீசிஸ் நகரும்.

அந்த அட்டவணையையும் அப்படியே நம்பக் கூடாது. உண்மைத் தேதிக் கட்டங்களைப் பலர் அன்றன்று நிரப்புவதில்லை. பையரோடு கூட்டம் வருவதற்கு முந்தின நாள் மொத்தமாக நிரப்புவார்கள். திட்டத் தேதியும் உண்மைத் தேதியும் வரிசையாக ஒன்றாகவே இருந்தால் சந்தேகப்பட வேண்டும். சாயப்பட்டறை டெலிவரி சலான், கூரியர் ரசீது, ஒப்புதல் வந்த மின்னஞ்சல் ஆகிய மூன்றில் உள்ள தேதியோடு ஒரு பகுதியையாவது ஒப்பிட்டு, எத்தனை ஒத்துப்போயின என்று முறையியல் அத்தியாயத்தில் எழுதிவிட வேண்டும். வெளியாளுக்குத் தெரியாத ஓட்டை இது. உள்ளே இருப்பவர் ஆய்வு செய்வதன் உண்மையான லாபம் இங்கேதான்.

அடுத்தது அனுமதி. பகுதிநேரப் பிஎச்.டி-க்கு நிறுவனத்தின் என்ஓசி (ஆட்சேபணை இல்லாச் சான்று) வேண்டும் என்கின்றன பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிகள்: படிக்க அனுமதி உண்டு, ஆய்வுக்கு நேரம் ஒதுக்க முடியும், தேவைப்பட்டால் கோர்ஸ் வொர்க்குக்கு விடுவிப்போம் என்று நிறுவனம் எழுதித் தர வேண்டும். இதை வாங்கியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். என்ஓசி என்பது படிக்கத் தரும் அனுமதி. தரவைப் பயன்படுத்தும் அனுமதி வேறு. எந்தக் கோப்புகள், எந்த ஆண்டுகள், பெயர்களை எப்படி மறைப்பது, நீங்கள் வேலை மாறினாலும் ஏற்கெனவே எடுத்த தரவு செல்லுமா என்று தனிக் கடிதம் ஒன்று முதல் ஆண்டிலேயே கையில் இருக்க வேண்டும். நான்காவது ஆண்டில் வேறு கம்பெனிக்குப் போனபின் பழைய முதலாளியிடம் கேட்பது நடக்கிற காரியமா? முடிந்த தீசிஸ், இந்திய தீசிஸ்களைச் சேர்த்துவைக்கும் ஷோத்கங்கா இணையதளத்தில் ஏறும், யாரும் படிக்கலாம் என்பதையும் முதலாளியிடம் அப்போதே சொல்லிவிடுவது நல்லது.

நேர்காணலில் வரும் சிக்கல் நுட்பமானது. உங்களுக்குக் கீழே வேலை செய்பவர் "சரிங்க சார், கேளுங்க" என்று தலையாட்டுவது சம்மதம் ஆகாது. அவருடைய இன்கிரிமென்ட் உங்கள் கையில் இருக்கிறது. சொந்தப் பிரிவைத் தவிர்த்து வேறு பிரிவு, வேறு யூனிட் ஆட்களைத் தேர்ந்தெடுக்கலாம். முடியாவிட்டால் நேர்காணலை வெளியாள் ஒருவர் எடுக்கட்டும். ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சு என்றால் இன்னும் கூடும், தானியங்கி மென்பொருள்கள் அங்கே தடுமாறும். இருபது நேர்காணல் என்று சுலபமாகத் திட்டம் போடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. வாரத்துக்கு எட்டு மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால் எழுத்தாக்கம் மட்டுமே மூன்று நான்கு மாதம் விழுங்கிவிடும். "துணி இன்னும் செட் ஆகல" போன்ற பேச்சை ஆங்கிலத்தில் எப்படிக் கொண்டுபோனீர்கள் என்று தேர்வாளர் கேட்பார். தமிழ் மூலத்தையும் பின்னிணைப்பில் வையுங்கள்.

கூகுள் படிவத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டு 384 பேர் சேர்க்கும் வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 384 என்பது கிரெஜ்சி, மோர்கன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1970-ல் வெளியிட்ட அட்டவணையில், மிகப் பெரிய மக்கள்தொகைக்குத் தேவையான மாதிரி அளவாக வரும் எண். குலுக்கல்போல எழுந்தமான மாதிரி எடுத்தால்தான் அதற்குப் பொருள். தெரிந்தவர்கள் வழியாகச் சேர்த்த 384-க்கு அந்த அட்டவணை காவல் நிற்காது. மேலாளர் அனுப்பிய படிவத்தில் எல்லோரும் 4, 5 என்றே டிக் அடிப்பார்கள். பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதை அளக்கும் ஆல்ஃபா மதிப்பு 0.9 வந்துவிட்டதே என்று மகிழ்வதில் அர்த்தமில்லை.

யுஜிசியின் அதே 2022 விதிகளில் கவனிக்க வேண்டியவை சில. பிஎச்.டி முடிக்கக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2. பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு தளர்வு உண்டு. ஓய்வுபெற மூன்று ஆண்டுக்கும் குறைவாக இருக்கும் பேராசிரியர் புதிய மாணவரை எடுக்க முடியாது. நான்கு ஆண்டு மீதமிருப்பவர் எடுக்கலாம்; ஆனால் பகுதிநேரக்காரர் ஆறு ஆண்டு எடுத்துக்கொண்டால், முடிக்கும்போது அந்தப் பேராசிரியர் ஓய்வுபெற்று இணை வழிகாட்டி ஆகியிருப்பார், புதிதாக ஒருவர் முதன்மை கைடாக வந்திருப்பார். புது கைடுக்கு உங்கள் முறையியல் பிடிக்காமல் போகலாம். ஆகவே கைடின் ஆய்வுத் துறையோடு பிறந்த ஆண்டையும் விசாரித்துவிடுங்கள், கூச்சப்பட வேண்டாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து கல்விச் செயலிகள் விற்கும் இணையவழிப் பிஎச்.டி-க்கு அங்கீகாரம் இல்லை என்று யுஜிசியும் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயும் 2022-லேயே அறிவித்துவிட்டன. பணம் கட்டும்முன் அதையும் நினைவில் வைக்கலாம்.

எழுதும்போது அலுவலகப் பழக்கம் காலை வாரும். முதல் பக்கத்தில் முடிவு, புள்ளி போட்ட வரிகள், கடைசியில் பரிந்துரை: நிர்வாகக் கூட்டத்துக்கு இது சரி. தீசிஸில் ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் "வேறு காரணம் ஏன் இல்லை" என்ற பத்தி இருந்தே ஆக வேண்டும். பண்டிகைக்கால ஆர்டர் நெருக்கடியா, நூல் விலை ஏற்றமா, பையர் டிசைனை மாற்றியதா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து விலக்க வேண்டும். கம்பெனிக்காக நீங்களே எழுதிய பழைய அறிக்கையை வெட்டி ஒட்டினாலும் ஒப்புமைச் சோதனையில் சிக்கலாம். யுஜிசியின் 2018 விதிப்படி ஒப்புமை 10 சதவீதம்வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும், 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும்.

வைவா எனும் வாய்மொழித் தேர்வில் தவறாமல் வரும் கேள்வி: "ஒரே கம்பெனியில் பார்த்ததை எப்படிப் பொதுவாகச் சொல்கிறீர்கள்?" பொதுவாகச் சொல்லவில்லை, எந்தச் சூழலில் இது பொருந்தும் என்று வரையறுத்திருக்கிறேன் என்பதே பதில், அந்த வரையறை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டத் தெரிய வேண்டும். வைவா பொதுவில் நடப்பதால் சக ஊழியர்களும் வந்து உட்காரலாம். "உற்பத்தி மேலாளர், ஆண், 22 ஆண்டு அனுபவம், அவினாசி ரோடு யூனிட்" என்று திரையில் போட்டால் பெயர் மறைத்து என்ன பயன்? அந்த யூனிட்டில் அப்படி ஒருவர்தான் இருப்பார். பதவியை "மூத்த பணியாளர்" ஆக்கி, ஆண்டுகளைப் பத்துப் பத்தாகத் தொகுத்து, இடத்தை எடுத்துவிட்டபின்தான் அட்டவணையை அச்சுக்குத் தர வேண்டும்.